லைன் கிளியர்

இறந்து இரண்டு வருடமான ஆவுடையப்பன் அன்று காலை மூன்று பேரிடம் பேசினார். முதல் ஆளை இருபது நிமிடம் காக்க வைத்தார். இரண்டாவது ஆளை முப்பத்தெட்டு நிமிடம். மூன்றாவது ஆள் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

"வச்சிட்டியா தம்பி? கண்ணாடி இப்பத்தான் கெடச்சுது," என்று ஆவுடையப்பன் வெறும் லைனில் சொன்னார்.

மதி காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அப்பாவின் குரல் அதற்குள் சின்னதாக இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

வண்ணார்பேட்டையில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அங்கே இருந்தவர்கள் செய்த மென்பொருளுக்குக் கண்ணி என்று பெயர். 'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்திருக்கு, சேவை மையத்துல இருந்து பேசுறோம்' என்று ஏமாற்றுக்காரர்கள் கூப்பிட்டால் அந்த அழைப்பு கண்ணிக்குத் திரும்பும். அங்கே வயதான ஒருவர் எடுப்பார். எல்லாவற்றுக்கும் சரி என்பார். ஆனால் கண்ணாடி கிடைக்காது. கரண்டு போய்விடும். மாடியில் தொட்டி நிரம்பி வழியும். மோட்டாரை நிறுத்தப் போய்விட்டு வந்து முதலிலிருந்து கேட்பார். அப்படி ஒரு மனிதர் கிடையாது. குரல் மட்டும்தான். அந்தக் குரலோடு ஏமாற்றுக்காரர்கள் செலவழிக்கிற ஒவ்வொரு நிமிடமும் உண்மையான யாரோ ஒருவர் தப்பித்த நிமிடம்.

முப்பது குரல்களில் ஆவுடையப்பனின் குரல்தான் அதிக நேரம் தாக்குப்பிடித்தது. அதை மதி கொடுத்திருந்தாள்.

அவள் சென்னையில் இயற்பியல் படித்த காலத்தில் அப்பா தினமும் குரல்செய்தி அனுப்புவார். "ஏட்டி மதி, நேத்து நீ சொன்னதத் திருப்பிச் சொல்லுதேன். வியாழக்கிழம பரிச்ச. வெள்ளிக்கிழம ரயிலு. மஞ்சப் பைல முறுக்கு வேணும். சரியா?" கத்தரிக்காய் வாங்கிவரச் சொன்னாலும் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்காமல் போனை வைக்க மாட்டார். அம்மா இருந்தவரை அதற்காகவே அவரைக் கேலி செய்வாள்.

அது கம்பத்தில் ஏறுகிறவர்களின் பழக்கம். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கம்பியில் கை வைக்கும் முன் சப்-ஸ்டேஷனைக் கூப்பிட்டு லைன் கிளியர் வாங்க வேண்டும். அங்கே இருப்பவர் கரண்டை நிறுத்திவிட்டுச் சொல்வார். வாங்குகிறவர் அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் வாங்கின ஆளே கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'வயர்ல ஆளு இருக்கா?' என்று கேட்பார்கள். 'இல்ல' என்று வாங்கினவன் தன் வாயால் சொன்ன பிறகுதான் சுவிட்ச்.

"அந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லப்பிடாது," என்பார் அப்பா. "வேற ஆளு சொன்னாலும் போடப்பிடாது. மந்திரியே கூப்பிட்டாலும் சரி. வாங்குனவன் வரணும்."

கண்ணிக்குக் குரலைப் பழக்கும்போது அந்தத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தை மதியே நீக்கிவிட்டாள். சொன்னதைச் சரியாகக் கேட்டுக்கொள்கிற ஆள் கண்ணிக்கு ஆகாது.

அப்பாவுக்கு நடந்ததும் அப்படிப்பட்ட ஓர் அழைப்புதான். அம்மா இறந்த வருடம். அம்மாவின் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். வைரஸ் என்று ஒருவன் கூப்பிட்டான். இரண்டு மணி நேரம் மரியாதையாகப் பேசினான். அவன் போனை வைத்தபோது வங்கியில் ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரும் பூட்டிக்கொண்டது. படங்கள் திரும்ப வரவே இல்லை.

பதினோரு நாள் கழித்துத்தான் அப்பா அவளிடம் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போன வைக்கும்போது சொன்னேம்மா, ஒனக்கு லைன் கிளியர் குடுத்திருக்கேன், வேலைய முடிச்சிட்டு நீதான் திருப்பித் தரணும்னு. சரி அண்ணாச்சின்னுதான் சொன்னான்."

"ஏம்ப்பா, முப்பத்தஞ்சு வருசம் சர்வீஸ் பாத்த ஆளு. இதுகூடவா தெரியாது?"

அவள் அவ்வளவுதான் கேட்டாள். அதன் பிறகு அப்பா குரல்செய்தி அனுப்பவில்லை. ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பேப்பர் படித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டார்.

ஒருமுறை ஏமாந்தவரின் எண்ணை அந்தக் கூட்டம் விடாது. சுற்றிச் சுற்றிக் கூப்பிடும். அதனால் அப்பாவின் எண்ணையும் மதி கண்ணியோடு இணைத்துவிட்டாள். இப்போது அந்த எண்ணுக்கு யார் கூப்பிட்டாலும் அப்பாவே எடுப்பார்.

*

நான்கு நாட்களாக ஒருவன் அந்த எண்ணுக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பெயர் வினோத் என்று சொன்னான். எல்லோரும் அப்படி ஒரு பெயர்தான் சொல்வார்கள். கூப்பிடுகிறவன் வழக்கமான வைரஸ் கதையை விட்டு விலகிப் பேசினால் கண்ணி அந்த அழைப்பை மஞ்சள் நிறத்தில் காட்டும். இவனுடைய நான்கு அழைப்புகளும் மஞ்சளாக இருந்தன.

"இவன் எதுக்கு பிள்ளே ஏசவே மாட்டுக்கான்?" என்றாள் ரெக்ஸ்லின் அக்கா. நாகர்கோவில்காரி, மதியின் மேலதிகாரி. கையில் டீயோடு வந்து மதியின் திரையை எட்டிப் பார்த்தாள். "நாப்பத்தோரு நிமிசம். இடையில சாப்பிட்டியளான்னு வேற கேக்கான்."

"புது மாதிரி ஏமாத்துறான்போல, அக்கா."

"இவனுவ யாருன்னு நினைக்க? டைப் அடிக்கிற வேலைன்னு சொல்லி வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறது. பாஸ்போர்ட்டப் புடுங்கிட்டு ஒரு கட்டடத்துல பூட்டி வைக்கது. தினம் இத்தன பேர ஏமாத்தணும், இல்லன்னா அடி. நம்ம ஆவுடையப்பன் சார் ஒருத்தன முக்காமணி நேரம் நிறுத்தி வச்சாருன்னா, அன்னைக்கு அவனுக்குச் சோறு கெடையாது மக்கா."

"கிடைக்காமப் போகட்டும்."

ரெக்ஸ்லின் அக்கா அவளைப் பார்த்தாள்.

"எங்கப்பாவும் சாப்பிடல," என்றாள் மதி.

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கு அவன் மறுபடி கூப்பிட்டான். மதி நேரலையில் கேட்டாள். பின்னால் நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல். யாரோ அதட்டும் சத்தம்.

"வணக்கம் அண்ணாச்சி, வினோத் பேசுதேன். என்ன ஞாவகம் இருக்கா?"

"ஞாவகம் இல்லாம என்ன? கீழத்தெரு பையன்தான நீ?" என்றது அப்பாவின் குரல். தெரியாத எதற்கும் அது அப்படித்தான் பதில் சொல்லும்.

"இல்ல அண்ணாச்சி. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒங்க கம்ப்யூட்டர்ல வேல பாத்தேன். ஒங்க வீட்டம்மா படமெல்லாம் இருந்துச்சே. எனக்கு லைன் கிளியர் குடுத்திய. திருப்பித் தாரேன்னு சொன்னேன். அதுக்குத்தான் கூப்பிடுதேன்."

மதி ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். கண்ணி ஒருபோதும் யாரிடமும் லைன் கிளியர் என்று சொன்னதில்லை. அப்பா தவிர அந்த வார்த்தையை அவனுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

"இரு தம்பி, கண்ணாடிய எங்க வச்சேன்…" என்றது அப்பாவின் குரல். "கரண்டு வேற வந்து வந்து போவுது."

"அண்ணாச்சி, நான் சொல்லுதது கேக்குதா?"

"நல்லாக் கேக்குது. சொல்லு, எந்தப் பட்டன அமுக்கணும்?"

அவன் மூச்சு மட்டும் கேட்டது.

இரண்டு வருடமாக மதி அவனுக்கு ஒரு முகம் வைத்திருந்தாள். தடித்த முகம், சிரிக்கிற முகம். இந்தக் குரலுக்கு அந்த முகம் பொருந்தவில்லை. இருபத்துநான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். விளாத்திகுளம் பக்கத்துப் பேச்சு.

கண்ணியை நிறுத்திவிட்டு, எழுதுவதை அதே குரலில் பேச வைக்க ஒரு வழி இருந்தது. சோதனைக்காக வைத்தது. மதி அதைத் திறந்தாள். 'நீதான் அவரைக் கொன்றாய்' என்று எழுதினாள். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தாள்.

பின்னால் நின்ற ரெக்ஸ்லின் அக்கா குனிந்து, "மதி, நாமளே உள்ள பூந்து பேசினா இது போலீஸ் கேஸ் ஆயிரும்," என்றாள். "கேஸான குரல் கண்ணியில இருக்கப்பிடாது. அழிச்சிரணும். ஒப்பந்தம் ஒனக்குத் தெரியும்."

தெரியும். குரல்செய்திகள் அவளிடம் இருக்கும். ஆனால் அவை பழைய பேச்சு. புதிதாக ஒரு வார்த்தை அப்பா பேச மாட்டார்.

அப்போது அவன் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, மனப்பாடம் ஒப்பிப்பவன்போலப் பேச ஆரம்பித்தான்.

"சார், இப்ப நான் சொல்லுத மாதிரி ஒங்க ஸ்கிரீனப் பாருங்க. வலது பக்கம் ஆறு ஒண்ணு தெரியும். ஆத்து மேல பாலம், அதுல செவப்பு லைட்டு மூணு. இடது பக்கம் சீனி மில்லு புகைக்கூண்டு. நடுவுல அஞ்சு மாடிக் கட்டடம், நீலக் கூரை. நாலாவது மாடியில பதினோரு ஃபைல் மாட்டிக்கிட்டு வெளிய வர முடியாம கெடக்கு. அத எடுத்துரணும் சார். புரியுதா?"

ரெக்ஸ்லின் அக்காவின் டீ டம்ளர் மேசையில் 'டக்'கென்று இறங்கியது. "பிள்ளே… இவன் எடத்தச் சொல்லுதான்."

அவனுக்குப் பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் திரை, ஃபைல் என்கிறான். அவன் நான்கு நாட்கள் திட்டாமல் காத்திருந்தது எதற்கு என்று மதிக்குப் புரிந்தது.

எழுதி வைத்த வரியைப் பார்த்தாள். அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் போய் அழித்தாள். பிறகு, அப்பா எப்படிச் சொல்வாரோ அப்படி எழுதினாள்.

"திருப்பிச் சொல்லுதேன் தம்பி," என்றது அப்பாவின் குரல். "வலது பக்கம் ஆறு. பாலம். செவப்பு லைட்டு மூணு. இடது பக்கம் சீனி மில்லு புகைக்கூண்டு. நடுவுல அஞ்சு மாடி, நீலக் கூரை. நாலாவதுல பதினோரு ஃபைல். சரியா?"

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"சரி அண்ணாச்சி. சரி. நீங்கதான்." பிறகு அவசரமாக, "ஊர் பேரு மட்டும் எனக்குத் தெரியாது அண்ணாச்சி… சார். மழ சார், இங்க எப்பவும் மழ."

"எப்பவும் மழ," என்று அப்பா திருப்பிச் சொன்னார்.

"போதும் மக்கா," என்று ரெக்ஸ்லின் அக்கா கிசுகிசுத்தாள். "வச்சிரு. இது போதும்."

மதி அத்தோடு விட்டிருக்கலாம். விவரம் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் அவன் இன்னும் லைனில் இருந்தான். எதற்கோ காத்திருந்தான். "அண்ணாச்சி, லைன் கிளியர் வாங்கிக்கிடுதியளா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவளுக்கு அதை அவனிடமிருந்து வாங்க மனம் வரவில்லை, மறுக்கவும் வரவில்லை. அப்பா என்ன செய்வார் என்று மட்டும் யோசித்தாள். திருப்பி வாங்கும் முன் அப்பா கேட்கிற கேள்வி ஒன்றுதான். அதை எழுதினாள்.

"வயர்ல ஆளு இருக்கா?"

அவன் திரையை மறந்தான், ஃபைலை மறந்தான்.

"இருக்கோம் அண்ணாச்சி," என்றான். "பதினோரு ஆளு இருக்கோம்."

அவனுக்குப் பின்னால் நாற்காலி விழுந்தது. யாரோ கத்தினார்கள். லைன் அறுந்தது.

*

அன்று மதியமே பதிவுகள் காவல்துறைக்குப் போயின. மறுநாள் இரண்டு பேர் வந்து மதியிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஒருவர், "நல்ல வேல செஞ்சிருக்கிய, பாப்பா," என்றார். மூன்றாம் நாள் ரெக்ஸ்லின் அக்கா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அப்பாவின் குரலை அழித்தாள். அழிக்கட்டுமா என்று இயந்திரம் கேட்டது. நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. ரெக்ஸ்லின் அக்கா மதியைப் பார்த்தாள். மதி தலையாட்டினாள்.

"கடைசியா ஏதாச்சும் பேசச் சொல்லவா?"

"வேண்டாம், அக்கா. நான் எழுதிக் குடுக்குறதத்தான் பேசுவாரு."

அப்பாவின் எண் கண்ணியிலிருந்து விடுபட்டுப் பழைய கைபேசிக்கே திரும்பியது. மதி அதை வீட்டுக்குக் கொண்டு போய், அப்பா வைக்கிற அதே இடத்தில், கூடத்து ஜன்னலில் வைத்தாள்.

ஏழு வாரம் கழித்துச் செய்தி வந்தது. சீனி மில் உள்ள ஓர் ஆற்றங்கரை ஊரில், நீலக் கூரைக் கட்டடத்திலிருந்து தமிழ்நாட்டுக்காரர்களை மீட்டார்கள் என்று தொலைக்காட்சியில் அரை நிமிடம் காட்டினார்கள். விமான நிலையத்தில் எல்லோரும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நடந்தார்கள். மதி எண்ணிப் பார்க்க முயன்றாள். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை காலை, அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவின் கைபேசி அடித்தது.

"ஹலோ, ஆவுடையப்பன் அண்ணாச்சி இருக்காங்களா?"

வேறு குரல். கொஞ்சம் பெரிய வயசு.

"நீங்க யாரு?"

"எம் பேரு ஜெபசிங். தூத்துக்குடி. அண்ணாச்சிக்கு என்னத் தெரியாது. எங்களுக்கு அண்ணாச்சியத் தெரியும். அவுகதான் எங்கள வெளிய எடுத்தது. நீங்க மகளா?"

"ஆமா."

"இசக்கிராஜ் அனுப்புனான்னு சொல்லுங்க. வினோத்னு சொன்னாத் தெரியும். நாங்க பத்துப் பேரு வந்துட்டோம்மா."

மதி கையிலிருந்த ஈரத் துணியை ஜன்னல் கம்பியில் போட்டாள். "பதினோரு பேருன்னு சொன்னாரே."

"பதினோரு பேருதான்," என்றார் ஜெபசிங். "அன்னைக்குப் போன்ல பேசினான்லா. ஸ்கிரீனு, ஃபைலுன்னு சாமர்த்தியமாத்தான் பேசினான். கடைசில அண்ணாச்சி ஏதோ கேட்டாகளாம், வயர்ல ஆளு இருக்கான்னு. அதுக்கு மட்டும் நேரடியா பதில் சொல்லிட்டான். அந்தச் சூப்ரவைசரு தமிழ் தெரிஞ்சவன். பக்கத்துலயே நின்னான்."

மதி கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஏம்லே அப்பிடிச் சொன்னன்னு கேட்டேன். அதுக்குப் பொய் சொல்லப்பிடாதுன்னான். அண்ணாச்சி முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்காக போல. சாயங்காலமே வேற கட்டடத்துக்குன்னு அவன இழுத்துட்டுப் போயிட்டானுவ. போலீசு வந்தப்ப அந்த இன்னொரு கட்டடம் காலியாக் கெடந்துச்சு."

கீழே தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

"அவன் முதல்ல நம்பலம்மா," என்றார் ஜெபசிங். "இப்ப எடுக்கது ஆளு இல்ல, மெசினு, அண்ணாச்சி போய்ச் சேந்திருப்பாக, நாந்தான் கொன்னுருக்கேன்னு சொல்லிச் சொல்லி ரெண்டு நாளு சோறு திங்கல. அன்னைக்கு அவுக எல்லாத்தையும் திருப்பிச் சொன்னாகல்லா? அதுக்கப்புறந்தான் நம்புனான். வேனுல ஏத்துறப்பக்கூட என்னப் பாத்துச் சிரிச்சான். உசுரோடதாம்லே இருக்காருன்னான்."

மதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சிகிட்டப் போனக் குடுக்கியளா? அவன் ஒண்ணு ஒப்படைக்கச் சொல்லிருக்கான். நான் வெளிய வந்தா நான் சொல்லணும்னு சத்தியம் வாங்கிட்டான். லைன் கிளியரத் திருப்பித் தாரேன், வாங்கிக்கிடுங்கன்னு."

மேசைமேல் அப்பாவின் கண்ணாடி இருந்தது. அது ஒருநாளும் தொலைந்ததில்லை. தொலைகிற கண்ணாடியை மதிதான் உண்டாக்கினாள்.

"அப்பா வெளிய போயிருக்காங்க," என்றாள்.

"அப்ப நீங்க சொல்லிருங்கம்மா. நான் குடுத்துட்டேன்னு."

"இல்லங்க." அவள் குரல் தெளிவாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நீங்க குடுக்க முடியாது. வாங்கினவர்தான் திருப்பிக் குடுக்கணும். அப்பா அப்படித்தான் சொல்வாங்க."

"அம்மா, அவன் எங்க இருக்கான்னே…"

"இதே நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்க. எப்பவாவது அவரப் பாத்தா, யார்மூலமாவது தெரிஞ்சா சொல்லுங்க. அப்பா இன்னும் சுவிட்சு போடல. காத்துக்கிட்டிருக்காங்கன்னு சொல்லுங்க."

அவர் புரிந்துகொண்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"திருப்பிச் சொல்லுங்க," என்றாள் மதி.

"இதே நம்பரு," என்றார் ஜெபசிங். "அவனே கூப்பிடணும். அண்ணாச்சி காத்துக்கிட்டிருக்காக." கடைசிச் சொல்லில் அவர் குரல் உடைந்தது.

போனை வைத்த பிறகு மதி ஈரத் துணியை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். அப்பாவின் கைபேசியில் சார்ஜ் குறைந்திருந்தது. அதைச் சார்ஜரில் மாட்டினாள். மணியின் சத்தத்தைக் கடைசிவரை கூட்டி வைத்தாள்.